முதல் கார், முதல் லீசிங்: ஓர் இளம் பொலிஸ் கான்ஸ்டபிளின் கோப்பு

கோப்பை மேலோட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. வயது 25. பொலிஸில் நான்கு வருடச் சேவை, நியமனத்தை உறுதிப்படுத்திய கடிதம் கையில். சம்பளம் அரச வங்கிக் கணக்குக்கு மாதம் தவறாமல் வருகிறது. கடன் வரலாற்றைக் காட்டும் கிரிப் அறிக்கையில் ஒரு கைத்தொலைபேசித் தவணையைத் தவிர வேறெதுவும் இல்லை. அதிலும் ஒரு நாள் பிந்தவில்லை. கேட்ட கடன் 1,525,000 ரூபா, கிடைத்தது 1,350,000. மாதத் தவணை 31,412 ரூபா. கணக்கில் எடுத்த வருமானத்தில் அது 46 வீதம். எந்தக் கடன் அதிகாரியும் யோசிக்காமல் கையெழுத்து வைப்பார். ஆனால் வாகனம் வீட்டு வாசலுக்கு வந்த முதல் மாதமே அந்த இளைஞரின் கட்டாயச் செலவு, கைக்கு வரும் சம்பளத்தைத் தாண்டிவிட்டது.

இந்த ஆய்வு அந்த ஒரு முரணைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் சீருடைச் சேவையில் இருக்கும் இளைஞர்களின் முதல் வாகனக் கடனில் திரும்பத் திரும்ப வரும் கூறுகளைச் சேர்த்துக் கட்டிய மாதிரிக் கோப்பு இது. இதற்குப் பின்னால் தனியொரு ஆள் இல்லை. விலை, வட்டி, செலவு எல்லாம் கணக்கு விளங்க எடுத்த தொகைகள். முப்படைகளில் இருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான். கடதாசியில் வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறோம்.

சம்பளச் சிட்டையும் கிரிப்பும்

நமது கான்ஸ்டபிளின் கைக்கு மாதம் வருவது 82,000 ரூபா. அவர் தன் கணக்கை அந்த 82,000இல் இருந்து தொடங்கினார். வங்கி அங்கே தொடங்குவதில்லை. சிட்டையில் அடிப்படைச் சம்பளம் ஒரு வரி, வாழ்க்கைச் செலவுப்படி ஒரு வரி, அதற்குக் கீழே மாதத்துக்கு மாதம் கூடிக் குறையும் கொடுப்பனவுகள். மூன்று மாதச் சிட்டைகளைப் பக்கத்தில் வைத்தால் எந்த வரி ஆடுகிறது என்பது தெரிந்துவிடும். இந்தக் கோப்பில் ஆடும் தொகை ஏறத்தாழ 14,000. அதைக் கழித்து 68,000 என்று எழுதினார்கள். அதில் பாதிக்கு மேல் எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து போகக்கூடாது என்பது இந்தக் கோப்பைப் பார்த்த இடத்தின் உள்விதி. அதாவது 34,000.

அரச சம்பளத் திருத்தம் 2025 ஏப்ரலில் தொடங்கி 2027 ஜனவரி வரை மூன்று கட்டமாக வருகிறது. "அடுத்த ஜனவரியில் கூடும்தானே" என்று அந்தக் கூடுதலை இப்போதே தவணைக்கு ஒதுக்குபவர்கள் உண்டு. வராத காசுக்கு வங்கி கடன் தராது. நாமும் நமக்குத் தரக்கூடாது. வரும்போது அதை மேலதிகமாகக் கட்டிக் கடனைக் குறைக்கலாம், அது வேறு.

கைத்தொலைபேசிக்கு மாதம் 4,500 ரூபா, இன்னும் ஆறு மாதம் மிச்சம். மொத்தம் 27,000. சின்னத் தொகை என்று அதை அப்படியே விட்டுவிட்டு விண்ணப்பிப்பதுதான் வழமை. விளைவைப் பாருங்கள்: 34,000இல் 4,500 போனால் 29,500. ஆண்டுக்கு 14 வீதம், 60 மாதம் என்ற கணக்கில் 29,500 ரூபாத் தவணை தாங்கக்கூடிய கடன் ஏறத்தாழ 1,268,000. போனை முதலே முடித்துவிட்டு 34,000ஐ முழுதாக விட்டால் 1,461,000. 27,000 ரூபாவைக் கட்டி முடிப்பதால் கடன் எல்லை 193,000 ரூபாவால் உயர்கிறது. இந்தக் கோப்பில் முதல் விண்ணப்பம் திரும்பி வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். போனைக் கட்டி முடித்து, அது முடிந்ததற்கான கடிதத்தை வாங்கி இணைத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது. கட்டிய அன்றே கிரிப்பில் மாறிவிடாது. கடிதம் இல்லாமல் வாயால் சொன்னால் எடுபடாது.

கிரிப் என்று எல்லோரும் சொல்வது 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தொடங்கிய கடன் தகவல் பணியகத்தை. தன் அறிக்கையைத் தானே எடுத்துப் பார்க்கலாம். விண்ணப்பிக்கும் முன் பார்ப்பது நல்லது. பலருக்குத் தெரியாத இரண்டு விடயங்கள் அதில் இருக்கும். ஒன்று, மற்றவரின் கடனுக்குப் பிணை வைத்ததும் அங்கே விழும். பொலிஸ் நிலையத்திலும் முகாமிலும் ஒருவருக்கு ஒருவர் பிணைக் கையெழுத்து வைப்பது தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பது மாதிரி நடக்கிற காரியம். நண்பர் மூன்று மாதம் கட்டாமல் விட்டால் அது உங்கள் அறிக்கையிலும் கறையாகத் தெரியும். மற்றது, எந்தெந்த நிறுவனங்கள் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்தன என்பதும் பதிவாகும். ஸ்ரான்லி வீதியில் ஒரே கிழமையில் ஐந்து கந்தோருக்கு ஏறி இறங்கி ஐந்து இடத்திலும் விண்ணப்பப் படிவம் கொடுத்தால், ஆறாவது இடத்தில் "ஏன் ஐந்து பேரும் தரவில்லை?" என்ற கேள்வி எழும். வட்டி விசாரிக்கப் படிவம் தேவையில்லை. அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுக்காமலே விசாரிக்கலாம்.

முகவரியும் பெயரும்

இந்தப் பகுதி தெற்கில் உள்ள கோப்புகளில் இவ்வளவு இழுபடாது. நமது ஆளின் அடையாள அட்டையில் இருப்பது வலிகாமம் வடக்கு முகவரி. குடும்பம் 1990இல் இடம்பெயர்ந்தது. அவர் பிறந்ததே சுன்னாகத்தில் வாடகை வீட்டில். மின்சாரப் பட்டியல் வீட்டுக்காரர் பெயரில். சாரதி அனுமதிப்பத்திரத்தில் மூன்றாவது முகவரி. கடன் தருபவருக்கு வேண்டியது ஒன்றுதான்: தவணை நின்றால் ஆளையும் வாகனத்தையும் எங்கே தேடுவது. மூன்று முகவரி இருந்தால் அவருக்கு ஒன்றுமே இல்லாத மாதிரி.

இதற்கு வழி, இப்போது குடியிருக்கும் பிரிவின் கிராம அலுவலரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்துப் பிரதேச செயலாளரின் மேலொப்பம் பெறுவது. சான்றிதழில் நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி இரண்டையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஒன்றை மட்டும் எழுதி வாங்கிவந்து திரும்பவும் போனவர்கள் அதிகம். படையில் இருப்பவர்கள் முகாம் முகவரியைக் கொடுத்துப் பயனில்லை. அது வேலை செய்யும் இடம், வசிப்பிடமாக எடுக்கமாட்டார்கள். அவர்களுக்குப் பெற்றோரின் வீட்டு முகவரியும், படைப்பிரிவிலிருந்து சேவையை உறுதிப்படுத்தும் கடிதமும் தேவைப்படும். விடுமுறையில் வரும் நான்கு நாளில் எல்லாக் கையெழுத்தையும் முடிக்க வேண்டியிருப்பதால், கடிதத்தை முகாமை விட்டு வெளிக்கிட முன்னரே வாங்கிக்கொள்வது புத்தி.

பெயரில் உள்ள சிக்கல் இன்னும் நுண்மையானது. ஒரே தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் இன்னோர் எழுத்து, வங்கிக் கணக்கில் மூன்றாவது. தகப்பன் பெயர் முன்னுக்கா பின்னுக்கா என்பதும் மாறும். கடன் ஒப்பந்தம், காப்புறுதி, வாகனப் பதிவு மூன்றிலும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கவேண்டும். அட்டையிலேயே பிழை என்றால் முதலில் அதைத் திருத்துங்கள். வரி அடையாள இலக்கமும் வாகனப் பதிவின்போது கேட்கப்படும் ஒன்று. வருமானம் வரி எல்லைக்குள் வராவிட்டாலும் இலக்கம் எடுத்திருக்கவேண்டும்.

விலை வேறு, மதிப்பு வேறு

கான்ஸ்டபிள் தெரிவு செய்தது பாவித்த சுசுகி அல்ட்டோ 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், உதிரிப்பாகம் யாழ்ப்பாணத்திலேயே கிடைக்கும், எந்தக் கராஜிலும் கைவைப்பார்கள். முதல் காருக்கு நல்ல தெரிவுதான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலை எங்கோ ஏறி, இன்னும் முழுதாக இறங்கவில்லை. விற்பவர் கேட்டது 3,150,000. பேசி முடித்தது 3,050,000.

அவர் மனதில் இருந்த கணக்கு: பாதி லீசிங், பாதி கைக்காசு. 1,525,000 கடன், 1,525,000 முற்பணம். ஆனால் கடன் கொடுக்கப்படுவது பேசிய விலைக்கு அல்ல. நிறுவனத்தின் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளர் வந்து பார்த்து எழுதும் சந்தைப் பெறுமதிக்குத்தான். அந்த அறிக்கையில் எழுதியிருந்தது 2,700,000. அதில் பாதி 1,350,000. மீதி 1,700,000 முழுவதும் கைக்காசு. ஒரே நாளில் முற்பணம் 175,000 ரூபாவால் கூடிவிட்டது. அந்த நேரத்தில் விற்பவருக்கு 100,000 ரூபா அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, திருப்பித் தருவது பற்றி எந்த எழுத்தும் இல்லாமல்.

இந்தக் கோப்பின் சறுக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வட்டியில் அரை வீதம் குறைக்க மூன்று கிழமை பேரம் பேசியவர், மதிப்பீட்டு அறிக்கை வரமுன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். 1,350,000 ரூபாவுக்கு அரை வீதம் என்பது ஐந்து வருடத்தில் ஏறத்தாழ 21,000 ரூபா. மதிப்பீட்டு இடைவெளி அதைப்போல எட்டு மடங்குக்கு மேல், அதுவும் ஒரே நாளில்.

எத்தனை வீதம் கடன் தரலாம் என்ற உச்சவரம்பை வாகன வகைப்படி மத்திய வங்கி தீர்மானிக்கிறது. 2025 யூலையில் கார்களுக்கு 60 வீதம் என்று அறிவித்தது. இந்த வரம்பு அடிக்கடி மாறும். போன வருடம் லீசிங் எடுத்த நண்பர் சொல்லும் வீதத்தை வைத்துக் கணக்குப் போடாமல், விண்ணப்பிக்கும் கிழமையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனம் அந்த உச்சம்வரை தரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பழைய வாகனத்துக்குக் குறைத்தே தருவார்கள்.

மதிப்பு ஏன் இவ்வளவு இறங்கியது? யாழ்ப்பாணத்துக் கார்களுக்கே உரிய காரணங்கள் இரண்டு. கரையோரத்தில் நின்ற வாகனம் என்றால் கீழ்ப்பக்கத் தகடும் கதவின் அடிவிளிம்பும் உப்புக் காற்றில் துருப்பிடித்திருக்கும். மேலே புதுப் பெயின்ற் பளபளக்கும். மதிப்பீட்டாளர் குனிந்து பார்ப்பார். துரு, செசி இலக்கம் பொறித்த இடத்தைத் தின்றிருந்தால் அது மதிப்புக் குறைவோடு நிற்காது, பதிவில் உள்ள இலக்கத்துடன் ஒப்பிட முடியாமல் கோப்பே நின்றுவிடும். மற்றது தண்ணீர். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறி வருவது. குளிர்விப்புத் திரவம் ஊற்றவேண்டிய ரேடியேற்றருக்குள் வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருந்தால் உள்ளே கேத்திலில் படிவதுபோல வெள்ளைப் படிவு இறுகியிருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து விரலால் தடவினாலே தெரியும். இரண்டையும் வாங்குபவரே முதல் நாள் பார்க்கலாம், காசு செலவில்லை.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும்போது ஒரு தாளில் இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள்: மதிப்பீடு இன்ன தொகைக்குக் குறைந்தாலோ கடன் கிடைக்காவிட்டாலோ அட்வான்ஸ் இத்தனை நாளில் முழுதாகத் திருப்பப்படும். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால், அவருக்கு மதிப்பு எவ்வளவு வரும் என்பது முன்னரே தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்பது வீதம் பதினான்கை விடக் கூடியது

இன்னோர் இடத்தில் தரகர் சொன்னது: "தம்பி, அங்க பதினாலு கேக்கிறாங்கள். நான் ஒன்பதுக்கு எடுத்துத் தாறன்." கேட்க நன்றாக இருக்கிறது. அந்த ஒன்பது, பிளாட் ரேட். முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் ஐந்து வருடமும் வட்டி. கட்டக் கட்ட முதல் குறைந்தாலும் வட்டி குறையாது.

1,350,000க்கு 9 வீத பிளாட்: ஐந்து வருட வட்டி 607,500. மொத்தம் 1,957,500. மாதம் 32,625.
அதே தொகைக்கு, மிச்சத்துக்கு மட்டும் வட்டி போடும் 14 வீதம்: மாதம் 31,412. மொத்த வட்டி ஏறத்தாழ 534,700.

ஒன்பது என்று சொன்னது உண்மையில் 15.7 வீதம். இதில் கணிதம் தெரியவேண்டியதே இல்லை. எந்த இடத்திலும் வீதத்தைக் கேட்காதீர்கள். "இந்தத் தொகை, இத்தனை மாதம், மாதக்காசு எவ்வளவு, முதல் நாள் கட்டவேண்டிய எல்லாக் கட்டணமும் சேர்த்து எவ்வளவு?" என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். அந்த இரண்டு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் மலிவு என்பது தெரியும்.

48 மாதம் என்றால் தவணை 36,891, மொத்த வட்டி 420,800. அதாவது 114,000 ரூபா மிச்சம். ஆனால் 34,000 என்ற எல்லையைத் தாண்டுவதால் இந்தக் கோப்புக்கு அது கிடைக்காது. 60 மாதத்துக்கு எடுத்து இடையில் மேலதிகமாகக் கட்டலாம் என்றால், இடையில் கட்டும் காசைக் கடனின் முதல் தொகையிலிருந்து கழிக்கிறார்களா, முன்கூட்டி முடித்தால் எத்தனை வீதம் கேட்பார்கள் என்பதை ஒப்பந்தத்தில் பார்க்கவேண்டும். ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ நீட்டப்படும். தமிழில் விளக்கமும் முக்கிய விபரங்கள் அடங்கிய தாளும் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. மத்திய வங்கியின் 2023ஆம் ஆண்டு நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் இதற்காகத்தான் வந்தன. முறைப்பாடு என்றால் மத்திய வங்கியின் 1935.

முற்பணம் எங்கிருந்து வந்தது

இதுவரை பார்த்தவை எல்லாம் கோப்புக்குள் இருப்பவை. இனி வருவது கோப்பில் இல்லை.

வாகனம் வீட்டுக்கு வரத் தேவைப்பட்டது மொத்தம் 1,930,000 ரூபா. முற்பணம் 1,700,000. முழுக் காப்புறுதி முதல் வருடம் 75,000. லீசிங் உள்ளவரை மூன்றாம் தரப்புக் காப்புறுதி போதாது. மதிப்பீடு, ஆவணக் கட்டணம், பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்து 60,000. நான்கு ரயர், பற்றறி, எண்ணெய் மாற்றி முதல் சேர்விஸ் 95,000. இந்தக் கடைசித் தொகையைப் பலர் எழுதுவதே இல்லை. பழைய காரை விற்பவர் புது ரயர் போட்டு விற்கமாட்டார்.

அவரிடம் சேமிப்பு 650,000. கனடாவில் உள்ள அண்ணன் 500,000 அனுப்பினார். மிச்சத்துக்கு ஏலச்சீட்டு: மாதம் 20,000, இருபது பேர், 400,000. எட்டாவது மாதம் கழிவு கேட்டு, அதாவது முன்னதாக எடுப்பதற்காக ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து எடுத்ததால் கைக்கு வந்தது 340,000. மொத்தம் 1,490,000. இன்னும் 440,000 குறை. அம்மாவின் நகை அடகுக்குப் போனது, ஆண்டுக்கு 12 வீதம் வட்டிக்கு, ஒரு வருடத் தவணையில்.

இப்போது மாதக் கணக்கு. லீசிங் 31,412. சீட்டுக்கு இன்னும் பன்னிரண்டு மாதம் 20,000 வீதம். அடுத்தடுத்த கழிவில் சற்றுக் குறையலாம், நம்பியிருக்கமுடியாது. நகையை ஒரு வருடத்தில் மீட்க முதல் 36,667, வட்டி 4,400. கூட்டினால் 92,479. கைக்கு வருவதோ 82,000. ஆடும் கொடுப்பனவுகளையும் சேர்த்த 82,000.

சாப்பாடும் பெற்றோலும் இதில் இல்லை. அவருக்கு வேலை வவுனியாவில். யாழ்ப்பாணத்திலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீற்றர், போய்வர 280. லீற்றருக்கு 18 கிலோமீற்றர், லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் ஒரு முறைக்கு 4,670. கிழமைக்கொரு தடவை வந்தால் மாதம் 18,700. பஸ்ஸில் வந்தபோது இதில் சின்னப் பங்குதான் போனது.

சீட்டும் அடகும் லீசிங் அதிகாரியின் மேசையில் இருந்த கடதாசியில் இல்லை. அதிகாரி பார்த்தது 46 வீதம். கைக்கு வரும் 82,000இல் உண்மையில் போவது 113 வீதம். யாரும் பொய் சொல்லவில்லை. "முற்பணம் இருக்கிறதா?" என்று கேட்டார்கள், "இருக்கிறது" என்றார். அது எப்படி வந்தது என்று கேட்கும் பெட்டி படிவத்தில் இல்லை. முற்பண விதியின் நோக்கமே வாங்குபவர் தன் சொந்தக் காசில் ஒரு பங்கைப் போடவேண்டும் என்பது. முற்பணத்தையும் கடனாக எடுத்தால், முழுக் காரையும் கடனில் வாங்கியதற்குச் சமம். அதுவும் அடகுக் கடன், ஒரு வருடத்தில் முடிக்கவேண்டிய கடன்.

அண்ணனின் 500,000 பற்றியும் ஒரு சொல். அது வங்கி வழியே வந்தால் எங்கிருந்து வந்த காசு என்று காட்டலாம். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே கைமாற்றும் வழியில் வந்தால் காட்டமுடியாது. சட்டப் பக்கத்தில் சீருடைக்காரருக்கு அது கூடுதல் தலையிடி. கடனா அன்பளிப்பா என்பதையும் அண்ணனிடம் ஒரு செய்தியிலாவது எழுதிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எழுதாத அன்பளிப்பு, நல்லூர்த் திருவிழாவுக்கு அவர் வந்து நிற்கும் மாதம் முழுக்க காரின் திறப்பு யாரிடம் என்ற கேள்வியாகத் திரும்பி வரும்.

இந்த நிலையில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு. முதலில் சீட்டு பிந்தும், ஏனென்றால் சீட்டுக்காரி தெரிந்தவர். பிறகு நகை மறுஅடகு. நான்காம் ஐந்தாம் மாதம் லீசிங் பிந்தும், தாமதக் கட்டணம் ஏறும், பிணை வைத்த சக கான்ஸ்டபிளுக்கு அழைப்புப் போகும். லீசிங் வாகனத்தின் முழு உரிமையாளர் நிறுவனம்தான்; 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்கீழ் நாம் பாவனையாளர். ஆகவே சீஸ் பண்ணுவது அவர்களுக்குச் சிரமமான காரியமல்ல. அரச உத்தியோகத்தர் கடுமையான கடன் நெருக்கடிக்குள் விழுவதை அரச சேவை விதிகளான தாபனக் கோவை ஒழுக்கப் பிரச்சினையாகவும் பார்க்கிறது. தனியார் துறையில் உள்ள ஒருவருக்குக் கார் மட்டும்தான் போகும்.

அதே கார், பன்னிரண்டு மாதம் பிந்தி

இதே கோப்பை வேறு விதமாக ஓடவிட்டுப் பார்ப்போம். சீட்டைக் கழிவு கேட்டு எடுக்காமல் கடைசிவரை விடுகிறார். இன்றிலிருந்து மாதம் 31,000 ரூபாவைத் தனிக் கணக்கொன்றில், சம்பளம் விழுந்த மறுநாள், தவணை கட்டுவதுபோலவே போடுகிறார். 82,000இல் சீட்டு 20,000, இந்த ஒத்திகைத் தவணை 31,000. மிச்சம் 31,000இல் போன் தவணையும் சீவியமும். இறுக்கம்தான். ஆனால் கார் வந்தபின் சீவியம் இதைவிடத் தளர்வாக இருக்கப்போவதில்லை. ஒத்திகை மூன்றாம் மாதத்தில் உடைந்தால், உடைந்தது சேமிப்புக் கணக்கு, கிரிப் அல்ல.

பன்னிரண்டு மாதத்தில் அந்தக் கணக்கில் 372,000. ஆறாம் மாதம் போன் தானாக முடிகிறது. பிறகு ஆறு மாதம் அந்த 4,500ஐயும் போட்டால் 27,000. சீட்டு முழுதாக 400,000. பழைய சேமிப்பு 650,000, அண்ணன் 500,000. மொத்தம் 1,949,000. தேவை 1,930,000. நகை அலுமாரிக்குள்ளேயே இருக்கிறது. வாகனம் வந்த மாதத்திலிருந்து கட்டாயத் தவணை 31,412 மட்டும்.

ஒரு வருடத்தில் விலை மாறாதா? மாறும். இறக்குமதி திறந்திருப்பதால் பழைய கார் விலை இறங்கவும் இடமுண்டு, வரியும் டொலரும் ஏறினால் ஏறவும் இடமுண்டு. ஆனால் 100,000 ரூபா ஏறினாலும் அது சீட்டுக் கழிவு 60,000ஐயும் அடகு வட்டி 52,800ஐயும் கூட்டியதை விடக் குறைவு.

லீசிங்குக்குப் பதிலாகச் சம்பளத்தின் மேல் தனிநபர் கடன் எடுத்தால் என்ன என்றும் கேட்கப்படும். வாகனப் புத்தகம் முதல் நாளே தன் பெயரில் சுத்தமாக இருக்கும், மதிப்பீட்டு இடைவெளிப் பிரச்சினையும் இல்லை. ஆனால் அரச உத்தியோகத்தர் இருவரின் பிணை கேட்பார்கள், சம்பளத்திலிருந்தே கழியும். நான்கு வருடச் சேவைக்காரருக்குத் தொகையும் குறையும். காரின் விலை சிறிதாக, கைக்காசு பெரிதாக இருந்தால் இது நல்ல வழி. இந்தக் கோப்புக்குப் பொருந்தாது.

கைமாறும் நாள்

பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றா என்று பாருங்கள். இடையில் இரண்டு மூன்று பேர் பெயர் மாற்றாமல் ஓப்பின் பேப்பரில் கைமாற்றிய வாகனம் என்றால் லீசிங் நகராது. முதல் உரிமையாளரைத் தேடி அவர் இப்போது சுவிஸில் இருக்கிறார் என்று அறிவதோடு கதை முடியும். பெயர் மாற்றத்துக்கு விற்பவர் கையெழுத்திடும் எம்.டி.ஏ. 6 படிவம், புதிய உரிமையாளரின் எம்.டி.ஏ. 8 படிவம் இரண்டிலும் வெற்றிடம் விட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். முன்னைய லீசிங் ஏதும் முடியாமல் இருக்கிறதா, வருடாந்த வரிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் எந்தத் திகதிவரை என்பவற்றையும் காசு கைமாற முன் பாருங்கள்.

காப்புறுதியில் வாகனம் தனிப்பட்ட பாவனைக்கு என்று எழுதியிருக்கும். வவுனியாவில் வேலை, கார் சுன்னாகத்தில் சும்மா நிற்கிறது, மச்சான் கல்யாண ஹயருக்கு விட்டால் தவணைக்குக் காசு வரும் என்ற யோசனை கட்டாயம் வரும். ஹயரில் போகும்போது விபத்து நடந்தால் இழப்பீடு மறுக்கப்படும். லீசிங் தவணை தொடர்ந்து ஓடும். தூர இடத்துக்கு இடமாற்றம் வந்து காரைக் கொடுத்துவிட நினைத்தாலும், ஒப்பந்தத்தை நிறுவனத்தின் வழியே மாற்றுங்கள். "நீ கட்டு, நான் கையெழுத்து வைச்சுத் தாறன்" என்று ஓப்பினில் கொடுத்தால் அவர் கட்டாத ஒவ்வொரு மாதமும் உங்கள் கிரிப்பில் விழும், அந்தக் கார் எங்காவது மோதினால் பொலிஸ் தேடி வருவது ஒரு பொலிஸ்காரரை.

அறுபதாவது தவணை கட்டியதும் கார் தன்னுடையது என்று நினைத்து அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு. பதிவில் முழு உரிமையாளராக இன்னும் நிறுவனத்தின் பெயர்தான் நிற்கும். கணக்கு முடிந்த கடிதத்தையும் உரிமை விடுவிப்புக்கான ஆவணங்களையும் நிறுவனத்திடமிருந்து வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்தப் பெயரை நீக்கிய பிறகே புத்தகம் சுத்தமாகும். அதே மாதத்தில் செய்தால் நிறுவனத்துக் கிளையும் அதே கட்டடத்தில் இருக்கும், கோப்பும் கைக்கெட்டும் தட்டில் இருக்கும்.